மாங்காயைப் பார்த்து மாம்பழத்தின் ருசி சொல்பவர்கள்: ரெக்ரூட்டிங் ரேங்கிங்கோடு பதிமூன்று சீசன்

2013-ல் வேலைக்காக டல்லஸ் பக்கம் வந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஆபீசே காலியாகிவிடும். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், ஆலன் ஊர் ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் என்றார்கள். ஸ்கூல் மேட்ச்தானே என்று கூடவே போனவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம், கட்ட 6 கோடி டாலர். (திறந்தது 2012-ல். இரண்டு வருஷத்துக்குள் கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014 சீசன் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. நம் ஊர் பாலங்களை மட்டும் கிண்டலடிக்காதீர்கள்.)

அன்றைக்கு ஆடிய க்வாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) பெயர் கைலர் மர்ரி. அவனைக் காக்க முன்னால் நின்ற லைன்மேன்களின் தோள் உயரம்தான் இருப்பான். ஆனால் பாஸ் போட வழி இல்லையென்றால் பந்தோடு அவனே கிளம்பிவிடுவான். துரத்தியவர்கள் கோழி பிடிக்கப் போனவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விழுந்து கிடந்தார்கள். "ஃபைவ் ஸ்டார் பையன்" என்றார் பக்கத்து சீட் பெரியவர். எனக்குத் தெரிந்த ஃபைவ் ஸ்டாரெல்லாம் ஹோட்டலும் சாக்லேட்டும்தான். வீட்டுக்கு வந்து அது என்ன என்று தேடினேன். அன்றைக்குப் பிடித்த வியாதி இன்னும் போகவில்லை.

தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. காலேஜில் ஆடப்போகும் ஹைஸ்கூல் பையன்களைப் பார்த்து மார்க் போடுவதற்கென்றே தளங்கள் இருக்கின்றன: ரைவல்ஸ், 247ஸ்போர்ட்ஸ், இ.எஸ்.பி.என், 2021-ல் சேர்ந்துகொண்டு 2025-ல் ரைவல்ஸையே வாங்கிவிட்ட ஆன்3. வீடியோ பார்ப்பார்கள், கேம்ப்புக்குப் போவார்கள், உயரம் எடை அளப்பார்கள், கடைசியில் இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஒரு ஸ்டார் ஒட்டுவார்கள். பெரிய தளங்களின் மார்க்கை ஒன்றாக்கிக் கொடுப்பது 247ஸ்போர்ட்ஸின் காம்போசிட். அதில் முழு மார்க் 1.0000. இத்தனை வருஷமும் நான் அதிகமாகப் புரட்டியது இந்தக் காம்போசிட்டைத்தான். ஒரு பையனை நாலு தசம இடம் வரைக்கும் அளக்க முடியும் என்று நம்புகிற துணிச்சல் எனக்கு இன்றுவரை சிரிப்பு மூட்டும்.

முதல் ரெண்டு வருஷத்தில் பார்த்ததெல்லாம் பலித்தது. ஆர்லிங்டனிலிருந்து 2014-ல் ஃபைவ் ஸ்டாராகப் போன மைல்ஸ் காரெட், 2017 என்.எஃப்.எல் டிராஃப்டில் (தொழில்முறை டீம்கள் காலேஜ் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள்) முதல் ஆள். மர்ரி ஓக்லஹோமா போய் 2018-ல் காலேஜின் சிறந்த ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்கி, 2019 டிராஃப்டில் முதல் ஆள். கிளிஜோசியம் ரெண்டு தடவை பலித்தால் மூன்றாம் தடவை கேள்வியே கேட்காமல் கையை நீட்டுவோமே, அந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஆனால் அதே டெக்சஸில், காரெட் கிளம்பிய அதே 2014-ல், ஒயிட்ஹவுஸ் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு த்ரீ ஸ்டார் க்வாட்டர்பேக் டெக்சஸ் டெக் போனான். பின்னால் என்.எஃப்.எல்லின் பெரிய நட்சத்திரம் ஆன பேட்ரிக் மஹோம்ஸ்தான் அவன். அதற்கு முந்தின வருஷம் அதே டெக்சஸ் டெக்கில் ஸ்காலர்ஷிப்கூட இல்லாமல் வாக்-ஆனாகச் சேர்ந்தவன் பேக்கர் மேஃபீல்ட். அவனும் ஓக்லஹோமா போனான், 2017 ஹைஸ்மன், 2018 டிராஃப்டில் முதல் ஆள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் எம்.எஸ் படித்த என் நண்பன், "ஸ்டாரெல்லாம் டுபாக்கூர் மச்சான், இதுக்குப் போய் மாசாமாசம் பத்து டாலர் கட்டுறியா?" என்று அப்போதுதான் ஆரம்பித்தான்.

அவன் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, எனக்குப் புரிய நாளானது. ஃபைவ் ஸ்டார் வருஷத்துக்கு முப்பது சொச்சம் பேர். ஃபோர் ஸ்டார் சில நூறு. த்ரீ ஸ்டார் ஆயிரக்கணக்கில். ஆயிரக்கணக்கான பேரில் ஒரு மஹோம்ஸ், ஒரு லமார் ஜாக்சன், ஒரு ஆரன் டொனால்ட் மாதிரி என்.எஃப்.எல் நட்சத்திரம் வருவது அதிசயமே இல்லை; வராமல் போனால்தான் அதிசயம். அவர்களோடு ஒரே த்ரீ ஸ்டாரில் நின்று, காணாமல் போனவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம்? ஃபைவ் ஸ்டார் பையனுக்கு டிராஃப்டில் கிடைக்கும் வாய்ப்பு த்ரீ ஸ்டாருக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. ஒற்றை ஆளைக் காட்டி ரேங்கிங்கை அடிப்பதும் சுலபம், தூக்குவதும் சுலபம்.

மாம்பழக் கடையில் இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மேலாகப் பார்த்துத் தரம் பிரித்த கூடையை நம்பி வாங்கலாம். உள்ளே பெரும்பாலும் நல்ல பழம்தான் இருக்கும். அதே கூடையிலிருந்து ஒன்றை எடுத்து "இது இனிக்குமா?" என்று கேட்டால் கடைக்காரனே சிரிப்பான்.

கூடைக்கணக்கை வைத்தே ஒரு விதி உண்டு. பட் எலியட் என்ற எழுத்தாளர் 'ப்ளூ சிப் ரேஷியோ' என்று பெயர் வைத்தார். கடைசி நாலு வருஷம் ஒரு காலேஜ் ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்த பையன்களில் பாதிக்கு மேல் ஃபோர் ஸ்டாரும் ஃபைவ் ஸ்டாருமாக இருந்தால்தான் தேசிய சாம்பியன் ஆக முடியும் என்பது விதி. 2022-ல் இதை மதிக்காமல் சூடுபட்டேன். எங்கள் பக்கத்து ஊர் ஃபோர்ட் வொர்த்தின் டி.சி.யூ, பாதிக்கு ரொம்பக் கீழே இருந்துகொண்டே அரையிறுதியில் மிச்சிகனை 51-45 என்று சாய்த்தது. விதியாவது மண்ணாவது என்று ஆபீசில் பிரியாணி பந்தயம் கட்டினேன். 2023 ஜனவரி 9, ஃபைனல். ஜார்ஜியா 65, டி.சி.யூ 7. இடைவேளைக்கு முன்பே பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

இனி ஏ அண்ட் எம் கதை. நண்பன் இருக்கும் இடத்தில் இதைப் பேச முடியாது, இங்கே பேசிவிடுகிறேன். 2022-ல் அவர்கள் சேர்த்த வகுப்புதான் அதுவரைக்கும் எந்தக் காலேஜும் வாங்காத உச்ச மார்க் வாங்கிய வகுப்பு. அந்த செப்டம்பர் 10-ம் தேதி நண்பன் வீட்டு ஹாலில் பத்துப் பேர் கூடியிருந்தோம். எதிரணி அப்பலாச்சியன் ஸ்டேட், சின்ன காலேஜ். 17-14 என்று சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். நண்பன் டிவியை அணைக்கவில்லை, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா சமையலறையிலிருந்து வந்து, "என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்த சீசனை 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்தார்கள். பையன்கள் ஒவ்வொருவராக, காலேஜ் மாற நினைப்பவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் நுழைந்து வேறு காலேஜுக்குப் போனார்கள். 2023 நவம்பரில் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பினார்கள், அனுப்புவதற்கான ஒப்பந்தப் பணமே 7.5 கோடி டாலருக்கு மேல்.

ரேங்கிங் பொய் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று நானும் அப்போது நினைத்தேன். 2025 டிராஃப்ட் ராத்திரி அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. 16-வது ஆளாக வால்டர் நோலன். 17-வது ஆளாக ஷெமார் ஸ்டூவர்ட். ரெண்டு பேரும் அந்த 2022 வகுப்பு. நோலன் நடுவில் ஓல் மிஸ் என்ற வேறு காலேஜுக்குப் போய்விட்டவன், ஸ்டூவர்ட் கடைசிவரை ஏ அண்ட் எம்மிலேயே இருந்தவன். ஆக, பையன்களைப் பற்றித் தளங்கள் சொன்னது தப்பில்லை. அவர்களை வைத்து ஜெயிப்பார்கள் என்று நாம் நினைத்ததுதான் தப்பு.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஸ்டூவர்ட் மூன்று சீசனில் எடுத்த சாக் மொத்தமே 4.5. க்வாட்டர்பேக்கை விழத்தட்டுவதுதான் அவன் வேலை, அதில் மூன்று வருஷத்துக்கு நாலரை. பிறகு ஏன் முதல் சுற்று? அந்த உடம்பு, அந்த வேகம். பதினேழு வயசில் தளக்காரர்கள் எதைப் பார்த்து வாய்பிளந்தார்களோ, அதையே இருபத்தொரு வயசில் என்.எஃப்.எல்லும் பார்த்து வாய்பிளந்தது. 247ஸ்போர்ட்ஸ் ஃபைவ் ஸ்டாரை வருஷத்துக்கு 32 பக்கம் நிறுத்திக்கொள்வதே டிராஃப்ட் முதல் சுற்றின் 32 இடத்தை மனதில் வைத்துத்தான். ஆகவே "டிராஃப்டோடு ஒத்துப்போகிறது, அதனால் ரேங்கிங் துல்லியம்" என்று யாராவது சொன்னால் நான் இப்போது தலையாட்டுவதில்லை. ஒரே கேள்வித்தாளை வைத்து ரெண்டு வாத்தியார் திருத்தினால் மார்க் ஒத்துப்போகத்தான் செய்யும்.

அதே டிராஃப்டில் இன்னொரு பக்கமும் இருந்தது. முதல் ஆள் கேம் வார்ட். டெக்சஸின் வெஸ்ட் கொலம்பியா பையன், ஒரு ஸ்டார்கூட இல்லாதவன். அவன் பள்ளிக்கூட டீம் பாஸே போடாமல் ஓடி ஓடி ஆடும் டீம். க்வாட்டர்பேக் பாஸ் போட்டால்தானே மார்க் போடுகிறவன் பார்ப்பதற்கு வீடியோ இருக்கும்? சான் அன்டோனியோவில் இன்கார்னேட் வேர்ட், பிறகு வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மியாமி என்று படியேறி வந்தான். எங்கள் பக்கத்து சவுத்லேக் பையன் குவின் யூவர்ஸ் காம்போசிட்டில் முழு 1.0000 வாங்கியவன், அவன் போனது ஏழாவது சுற்று, 231-வது ஆளாக. இருந்தாலும் யூவர்ஸைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வராது. டெக்சஸ் பல்கலையின் லாங்ஹார்ன்ஸ் டீமை 2023, 2024 ரெண்டு சீசனிலும் அரையிறுதிக்குக் கொண்டுபோனவன் அவன். 2021-ல் 5-7 ஆடிய டீமை அங்கே கொண்டுபோனவனுக்கு 1.0000 அதிகமா, குறைவா? காலேஜ் ரசிகனைக் கேட்டால் ஒரு பதில், என்.எஃப்.எல் ஆளைக் கேட்டால் வேறு பதில்.

சரி, நான் எப்படிப் பயன்படுத்துகிறேன்? ஸ்டாரை முதலில் பார்ப்பதே இல்லை. யார் யார் ஸ்காலர்ஷிப் கொடுக்கத் தயார் என்ற ஆஃபர் பட்டியலுக்குத்தான் முதலில் போகிறேன். அலபாமா ஒரு பையனைக் கூப்பிட்டால் மறுவாரம் அவன் மார்க் ஏறிவிடும் என்று ரசிகர்கள் வருஷக்கணக்காகப் புலம்புகிறார்கள். எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் காப்பியே அடித்தாலும் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் பேப்பரைப் பார்த்துத்தானே அடிக்கிறார்கள்; மார்க் சரியாகத்தான் வரும். 2024 ஜனவரி வரை அலபாமா கோச்சாக இருந்த நிக் சேபன் தேடிப் போன பையனைப் பற்றி, வீடியோ மட்டும் பார்த்தவரைவிட சேபனுக்கு அதிகம் தெரிந்திருக்கும். அடுத்து, தளங்களுக்குள் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். ஒரு தளம் ஃபைவ், இன்னொன்று த்ரீ என்றால் காம்போசிட் நடுவில் ஒரு எண்ணைக் கொடுத்து அந்தச் சண்டையை மூடி மறைத்துவிடும். 0.89 பக்கம்தான் த்ரீக்கும் ஃபோருக்கும் எல்லை. அந்த எல்லையின் ரெண்டு பக்கமும் நிற்கிற பையன்களுக்குள் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை, ஆனால் ப்ளூ சிப் கணக்கில் ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே.

ஆடும் இடமும் முக்கியம். பந்தோடு ஓடுகிறவனும், எதிரணி பாஸைத் தடுக்கும் கார்னர்பேக்கும் பதினேழு வயசிலேயே தெரிந்துவிடுவார்கள். லைன்மேன் தெரியமாட்டான், அவன் இன்னும் நாற்பது பவுண்டு ஏறப்போகிறவன். 2013 டிராஃப்டில் முதல் ஆளாகப் போன எரிக் ஃபிஷர் சென்ட்ரல் மிச்சிகன் லைன்மேன், பெரிய காலேஜ்கள் திரும்பிப் பார்க்காதவன்.

டீம் ரேங்கிங்கைப் பற்றி ஒன்று மட்டும். 247ஸ்போர்ட்ஸ் கணக்கில் வகுப்பின் சிறந்த பையனுக்கு முழு எடை, அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு எடை குறைந்துகொண்டே போகும். இருபத்தைந்தாவது பையனால் கிட்டத்தட்ட ஒன்றும் ஏறாது. ஆனாலும் பதினாறு பேர் மட்டும் சேர்த்த டீம் பின்தங்கும். அதனால் நான் மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு ஆளுக்குச் சராசரி என்ன என்ற கட்டத்தைப் பார்ப்பேன்.

இவ்வளவு கற்ற பிறகு 2025 சீசன் என் கூடையையே கவிழ்த்துவிட்டது. இண்டியானா 16-0, ஃபைனலில் மியாமியை 27-21 என்று ஜெயித்து சாம்பியன். ப்ளூ சிப் விதிப்படி இண்டியானா பக்கத்தில்கூட வரக்கூடாது. ஹைஸ்மன் வாங்கிய அவர்கள் க்வாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, பள்ளி நாளில் யேல் போவதாக இருந்தவன். கலிஃபோர்னியா பல்கலையில் ஆடிவிட்டு போர்ட்டல் வழியாக வந்தான். கோச் கர்ட் சிக்னெட்டி 2024 சீசனுக்கு வரும்போதே முந்தைய காலேஜில் தன்னிடம் ஆடியவர்களைக் கூடவே கூட்டி வந்தவர். அதாவது அவர் காயாக வாங்கவில்லை, வேறு தோட்டத்தில் பழுத்ததைப் பார்த்துத் தொட்டு வாங்கினார். ஹைஸ்கூல் மார்க் ஒரு பையன் காலேஜில் கால் வைக்கும் முன் போட்ட மார்க். மூன்று வருஷம் ஆடிக் காட்டிய பிறகும் அதையே வைத்து விதி போட்டால் இப்படித்தான் ஆகும். போர்ட்டலுக்கென்றே இப்போது தனி ரேங்கிங் இருக்கிறது, அது எப்படி என்று சொல்ல எனக்கு இன்னும் மூன்று சீசன் வேண்டும்.

சந்தா விஷயம். ரெண்டு இடத்தில் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றை நிறுத்திவிட்டேன். நிறுத்தச் சொன்ன பிறகும் கார்டில் ஒரு வருஷத் தொகையைப் பிடித்து, திரும்ப வாங்க மூன்று போன் கால் ஆனது. மற்றதை நவம்பரில் திறந்து, டிசம்பர் முதல் புதன்கிழமை பையன்கள் காலேஜில் சேரக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, ஜனவரியில் போர்ட்டல் அடங்கியதும் மூடிவிடுகிறேன். ஏ அண்ட் எம் நண்பன் தனியாகக் கட்டுவதில்லை. என் பாஸ்வேர்டைத்தான் வாங்கிவைத்திருக்கிறான், டிசம்பர் முதல் புதன் காலை ஏழு மணிக்கு எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருப்பான்.