புதுச்சேரி சந்துகளில் டோக்கன் வாங்கிக்கொண்டு கார் நிறுத்துகிறவர்கள் கவனத்துக்கு

அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. துணி எடுக்கக் கடலூரிலிருந்து கிளம்பும்போதே மணி நாலு. பஸ்ஸில் போயிருக்கலாம், 20 கிலோமீட்டர் சொச்சம்தான். கட்டைப்பை நாலைந்து சேருமே என்று காரை எடுத்தேன். முள்ளோடை தாண்டி, அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்து, ஊருக்குள் நுழைந்த பிறகுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதே உறைத்தது. ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சந்தை. நேரு வீதிப் பக்கம் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை.

இரண்டு சுற்று சுற்றியிருப்போம். ஒரு சந்து முனையில் விசில் சத்தம். காக்கிச் சட்டை, மேலே மினுமினுக்கும் பச்சை ஜாக்கெட். "சார், உள்ள விடுங்க. முனிசிபாலிட்டி காண்ட்ராக்ட்தான், நம்ம பொறுப்பு" என்று கையைக் காட்டினான். பின்பக்கம் ஒடி, நேர் பண்ணு, போதும் என்று பதமாக நிறுத்தவும் வைத்தான். 100 ரூபாய். ரோஸ் நிறத்தில் ஒரு சீட்டு. "வண்டிய எடுக்கணும்னா கூப்பிடுறேன்" என்று என் செல் நம்பரையும் வாங்கி, கார் நம்பருக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டான். இறங்கும்போதே "ஏங்க, இது யாரோ வீட்டு வாசல் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. சீட்டு குடுத்திருக்கான்ல என்று நான்தான் அடக்கினேன்.

துணி எடுத்து, பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கித் திரும்ப ஏழரை ஆகிவிட்டது. கார் முன்சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. பக்கத்தில் நின்ற விழுப்புரம் கார்க்காரருக்கும் அதே கதி. எங்கள் இரண்டு காருக்கும் நடுவே, திண்ணையில், ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். "தம்பி, வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ வந்துச்சு. உள்ள வர வழியில்ல. முனை வரைக்கும் நடத்தித்தான் கூட்டிப்போனான் என் பையன். நான்தான் போலீசுக்குப் போன் போட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

டோக்கன்காரனைத் தேடினால் ஆளே இல்லை. காவலர் வந்ததும் சீட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. சந்து முனைக் கம்பத்தைக் காட்டினார். அதில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. அதை அவர் விலக்கினார். பின்னால் 'நோ பார்க்கிங்' பலகை. பைக்குள் ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இன்னொரு கட்டு ரோஸ் சீட்டு.

அப்போதுதான் சீட்டை உற்றுப் பார்த்தேன். என்னுடையதில் வரிசை எண் 0417. விழுப்புரத்துக்காரருடையதிலும் 0417. கட்டில் இருந்தது எல்லாமே 0417. ரப்பர் ஸ்டாம்பு போல இருந்ததை எச்சில் விரலால் தேய்த்தேன், மை கலங்கவே இல்லை. ஸ்டாம்போடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்திருக்கிறான். 'வாகன நிறுத்தக் கட்டணம்' என்று இருக்கிறதே தவிர, எந்த அலுவலகம், யார் குத்தகைதாரர், எத்தனை மணி நேரம், ஒன்றும் கிடையாது. தெருவில் பார்க்கிங் கட்டணம் வாங்குவதென்றால் அந்த ஊர் நகராட்சி வாங்க வேண்டும், இல்லை அதனிடம் ஏலம் எடுத்தவர் வாங்க வேண்டும்; கட்டணப் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றார் காவலர். நாம் எங்கே பார்க்கிறோம், விசில் சத்தம் கேட்டாலே ஸ்டியரிங்கை ஒடித்துவிடுகிறோம்.

500 ரூபாய் அபராதம். அவன் சொல்லித்தானே சார் விட்டேன் என்று கெஞ்சிப் பார்த்தேன், எடுபடவில்லை. எடுபடவும் கூடாது என்று பிறகு தோன்றியது. மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவு மற்றவர்களுக்கு இடைஞ்சலாக வண்டியை விட்டுப்போவதைத்தான் குற்றம் என்கிறது. யார் கைகாட்டினார்கள் என்பது அதில் வராது. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 177-வது பிரிவில் முதல் தடவை 500, மறுபடி மாட்டினால் 1,500. வீட்டு வாசலை மறிப்பது, திருப்பத்தில் விடுவது, நடைபாதையில் ஏற்றுவது, ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை ஒட்டி நிறுத்துவது எல்லாம் 1989 சாலை விதிகளிலேயே கூடாது என்றுதான் இருந்தது. (இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கம்மி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னால் உடைந்த நாற்காலி போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். தெரு என்ன என் பாட்டன் சொத்தா?)

சரி, 600 ரூபாயோடு போச்சு என்று நினைத்தேன். புதன்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. என் கார் நம்பர் சரியாக இருக்கிறது. பார்க்கிங் விதிமீறல், 1,000 ரூபாய் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து, விவரத்துக்கு இந்தக் கோப்பைத் திறக்கவும். கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தது, அதாவது செல்லில் ஆப் ஏற்றுகிற கோப்பு. கட்டைவிரல் அதன் மேல் போய்விட்டது, உண்மையைச் சொல்கிறேன். அக்கா மகன் செல்லைப் பிடுங்கினான். "மாமா, இத இன்ஸ்டால் பண்ணா உங்க எஸ்எம்எஸ், ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிடும்." அரசின் இ-சலான் தளத்தில் நாங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தோம். அன்று கட்டிய 500 மட்டும்தான் இருந்தது, பாக்கி எதுவும் இல்லை. அந்தத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும். வேறு எப்படி முடிந்தாலும் தொடாதீர்கள். தெரியாமல் திறந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

இந்தச் செய்திக்கும் அந்த டோக்கன்காரனுக்கும் தொடர்பு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் கார் நம்பரையும் செல் நம்பரையும் ஒரே வரியில் நான் எழுதவிட்டது அவனிடம்தான்.

சீட்டோடு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிறு தம்பி அந்தப் பக்கம் போயிருக்கிறான். பலகை மேல் பை தொங்குகிறதாம். இந்தத் தடவை நீலப் பை.