கோடிட்ட இடத்துக்கு 7,499 ரூபாய் கொடுத்து ஏமாந்துட்டேன், நீங்க உஷாரா இருங்க

வயிறு எரியுது. சூட்டோட சூடா எழுதிடறேன். 7,499 ரூபாய். சென்னை எம்.சி. ரோட்டுல துணிக்கடையில கால் கடுக்க நின்னு, மூணு மாசமா ஒதுக்கி வச்ச காசு. இங்கிலீஷ்ல கோடிட்ட இடத்தை நிரப்பக் கத்துத் தர்றோம்னு சொல்ற இந்த மாதிரி ஆப்ல மாட்டாம இருக்க என்ன பண்ணணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

பேங்க் கிளார்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். அதை நடத்தற ஐபிபிஎஸ்ஸோட முதல் கட்டத் தேர்வுல, அதாவது பிரிலிம்ஸ்ல, இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிஷம், ஒரு தப்புக்குக் கால் மார்க் போயிடும். நான் தமிழ் மீடியம். கோடிட்ட இடத்துக்கு எத்தனை வார்த்தை கொடுத்தாலும், எல்லாமே சரி மாதிரிதான் தெரியும்.

அப்போதான் போன்ல அந்த ஆப்போட விளம்பரம். பத்தாயிரம் வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் தமிழ்ல விளக்கம்னு. நம்பர் கொடுத்த அஞ்சாவது நிமிஷம் ஒரு அக்கா கூப்பிட்டாங்க. டெமோன்னு ஒரு வாக்கியம் காட்டினாங்க: ஹீ ஹேஸ் பீன் வொர்க்கிங் ஹியர் ____ 2019. நான் 'ஃப்ரம்'னு சொன்னேன். அவங்க சிரிக்கல. "தம்பி, தமிழ்ல '2019-லிருந்து'ன்னு சொல்றோம்ல? அந்த 'லிருந்து'தான் உங்களை ஃப்ரம் பக்கம் இழுக்குது. எப்போ ஆரம்பிச்சதுன்னு சொல்லி, இன்னும் நடந்துட்டிருந்தா சின்ஸ். அஞ்சு வருஷமான்னு அளவு சொன்னா ஃபார்." பன்னெண்டு வருஷம் ஸ்கூல்ல படிச்சேன், ஒருத்தரும் எனக்கு இப்படி எடுத்துச் சொன்னதில்ல. அங்கதான் விழுந்தேன். "இந்த ரேட்டு இன்னைக்கு ராத்திரி வரைக்கும்தான் தம்பி"ன்னாங்க. தண்டையார்பேட்டை மெட்ரோ படிக்கட்டுல நின்னபடியே 7,499-ஐ அனுப்பிட்டேன்.

உள்ளே போனா அறுபது வாக்கியம்கூடத் தேறல, அதுவே சுத்திச் சுத்தி வருது. விளக்கம்னு எதுவும் கிடையாது, தப்புன்னா ஒரு சிவப்புக் குறி, அவ்வளவுதான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம், விடையே தப்பு! 'டிஸ்கஸ் அபவுட்' சரின்னு பச்சைக் குறி காட்டுது. டிஸ்கஸ்னாலே 'பற்றிப் பேசு'தான், அபவுட் எதுக்கு? 'டிஸ்பைட் ஆஃப்'புக்கும் பச்சை. ஆஃப் வர்றது 'இன் ஸ்பைட்' பின்னாடி. இது தெரியாம ரெண்டு வாரம் உருப்போட்டிருக்கேன். கிளை நூலகத்துல பழைய இலக்கணப் புத்தகத்தைப் பிரிச்சப்போதான் தெரிஞ்சது. காசு போனதைவிட இதுதான் ஆத்திரம். தப்பா மனசுல பதிஞ்சதை அழிக்கறது லேசில்ல, இப்பவும் டிஸ்கஸ்னு பார்த்தா கை தானா அபவுட்டுக்குப் போகுது.

அந்த அக்காவுக்கு போன் போட்டேன். "நான் சேல்ஸ் மட்டும்தான் தம்பி, சப்போர்ட்ல கேளுங்க." அவ்வளவு அழகா விளக்கினவங்க! சப்போர்ட்ல "48 மணி நேரத்துல டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க." ஒன்பது நாள் ஆச்சு. மறுபடி கேட்டா, "மூணு பாடம் திறந்துட்டீங்க, ரீஃபண்ட் கிடையாது." திறக்காம விடை தப்புன்னு எப்படிய்யா தெரியும்? தப்பான விடையை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அடுத்து பிளாக்.

விவரமா சொல்றேன்னேன், கடைக்கு நேரமாச்சு, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். இன்னைக்கே கட்டுன்னா கட்டாதீங்க. ரீஃபண்ட் விதியை முதல்லயே எழுத்துல வாங்குங்க. அவங்க காட்டற டெமோவை நம்பாதீங்க, விடை தெரிஞ்ச அஞ்சு கோடிட்ட இடத்தை நீங்களே கொடுத்துப் பாருங்க. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில அரசாங்கமே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்துது. நடந்து போற தூரத்துல அதை வச்சுக்கிட்டு 7,499 ரூபாயைத் தூக்கிக் கொடுத்திருக்கேன். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போடுங்க. ஏற்கெனவே மாட்டினவங்க நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க, பணம் கட்டின ரசீதை அழிச்சிடாதீங்க. நான் இன்னைக்குக் காலையில புகார் பதிஞ்சுட்டேன்.