பனியன் கம்பெனி கேட்டில் கைரேகை மெஷினும் முக மெஷினும்: டைம் ஆபீஸ் அனுபவம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில், அதாவது ஆட்களின் வருகைப் பதிவும் ஷிப்ட் கணக்கும் பார்க்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். சுமார் 400 பேர் வேலை செய்யும் யூனிட். முதலில் கைரேகை மெஷின், கொரோனாவுக்குப் பிறகு முகம் பார்க்கும் மெஷின் என்று பல வருஷமாக இரண்டோடும் தினமும் மல்லுக்கட்டி வருகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதும் ரிவ்யூக்கள் நிறைய இருக்கின்றன. காலை 8.30க்கு கேட்டில் கூட்டம் முட்டும்போது அந்த மெஷின் எப்படி நடந்துகொள்கிறது, சம்பளத்தன்று அதனால் என்ன பிரச்சினை வருகிறது என்பதற்குக் கொஞ்ச காலம் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

பிராண்ட் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. எந்த பிராண்ட் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான்: மெஷின் கொடுப்பது ஒரு மார்க். வைத்த விரலுக்கும் பதிவில் இருக்கும் விரலுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஒரு எண். எத்தனை மார்க் வாங்கினால் பாஸ் என்பதை மெஷினை மாட்ட வந்தவரோ, நம் ஆபீசில் ஒருவரோ செட்டிங்கில் போட்டிருப்பார். அந்த எண்ணைச் சரியாக வைக்காவிட்டால் சம்பளம் குறைவது தொழிலாளிக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் கேட்டில் சண்டை குறைந்தது.

கைரேகை மெஷின் ரேகையைப் போட்டோவாகச் சேமிப்பதில்லை. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்ற எண்களை மட்டும் டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்கிறது. மறுநாள் விரல் வைத்தால் அதே புள்ளிகளைத் தேடும். புள்ளிகள் தெளிவாகக் கிடைத்தால் அரை நொடியில் வேலை முடிந்துவிடும்.

கிடைக்காவிட்டால்தான் சிக்கல். எங்களிடம் இருந்தது கண்ணாடி வைத்த ஆப்டிகல் சென்சார். உள்ளே ஒரு பட்டகம் இருக்கும், கீழிருந்து ஒளி பாயும். ரேகையின் மேடு கண்ணாடியில் ஒட்டும் இடத்தில் ஒளி திரும்பி வராது, பள்ளம் இருக்கும் இடத்தில் திரும்பி வரும். அந்த வித்தியாசம்தான் படம். தோல் வறண்டிருந்தால் மேடு கண்ணாடியில் முழுசாக ஒட்டாது. கோடு கோடாக வர வேண்டிய ரேகை புள்ளிப் புள்ளியாக உடைந்து வரும். கை ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நிறைந்து எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும்.

இப்போது பனியன் கம்பெனியில் யாருடைய கை எப்படி இருக்கும் என்று பாருங்கள். பேக்கிங்கில் இருப்பவர் நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குகிறார். அட்டை கையின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். டெய்லருக்குத் துணையாக இருக்கும் கைமடி ஆட்கள், பிசிர் எடுக்கும் ஆட்கள் இவர்களின் விரல் நுனி துணியில் உரசி உரசி வழுவழுப்பாகிவிடுகிறது. சாயப்பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், காஸ்டிக்கும் பெராக்சைடும் பட்ட தோல் அது. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு முதல் முறையே 'நன்றி' என்று சொல்லும் மெஷின், உள்ளே உழைக்கிறவர்களிடம்தான் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று சொல்லும்.

பேக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பது வயது தாண்டியவர். ஒரு மாதம் அவர் கணக்கில் பல நாட்களுக்கு உள்ளே வந்த பஞ்ச் (மெஷினில் விழும் நேரப் பதிவு) இருந்தது, வெளியே போன பஞ்ச் இல்லை. காலையில் எண்ணெய் தேய்த்து, குளித்து, சமைத்துவிட்டு வரும்போது விரல் எடுத்துக்கொள்கிறது. இரவு 8.30க்கு, ஒன்றரை ஷிப்ட் பெட்டி அடுக்கி முடித்த பிறகு அதே விரலை எடுக்க மறுக்கிறது. "தம்பி, பஸ்ஸு போயிருமுன்னு நாலு தடவை வெச்சுப் பாத்துட்டு ஓடிட்டனுங்க. வேலை செஞ்சதுக்கு மெஷின்தான் சாட்சின்னா நான் எங்கீங்க போறது?" என்று கேட்டார். மெஷின் போட்ட கணக்கில் அந்த நாட்களுக்கு அரை ஷிப்ட் கூலி விழுந்திருக்கவே இல்லை. சூப்பர்வைசர் நோட்டைப் பார்த்துக் கூலியைப் போட்டுக் கொடுத்தோம். நோட்டு எழுதாத செக்‌ஷனாக இருந்திருந்தால் அந்தக் காசு போனது போனதுதான்.

பலரும் செய்யும் வைத்தியம் பாஸ் மார்க்கைக் குறைப்பது. குறைத்தால் எல்லோருக்கும் கதவு திறக்கும், வரிசை வேகமாக நகரும். ஆனால் ஒருவர் விரலுக்கு இன்னொருவர் பெயர் வர ஆரம்பிக்கும். தவறாக ஏற்பது, தவறாக மறுப்பது இரண்டும் தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றை இறக்கினால் மற்றது ஏறும்.

இதில் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. 'தவறாக ஏற்பது லட்சத்தில் 1' என்று போட்டிருக்கும். அது ஒரு விரலை ஒரு பதிவோடு ஒப்பிடும் கணக்கு. எங்கள் கேட்டில் 400 பேர், ஆளுக்கு இரண்டு விரல் என்றால் 800 பதிவுகள். சும்மா விரல் வைத்தால் மெஷின் 800 பதிவோடும் ஒப்பிடுகிறது. அப்போது பதிவே இல்லாத ஒருவர் விரல் வைத்தாலும் ஏறக்குறைய 125 முறைக்கு ஒரு முறை யாரோ ஒருவர் பெயரில் 'நன்றி' வர வாய்ப்பு இருக்கிறது. ஆள் கூடக் கூட இது கூடிக்கொண்டே போகும்.

இந்தத் தேடல் சிக்கல் பழையது. 1897ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களில் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே போலீஸ் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை செய்த அஜிஜுல் ஹக் ஒரு கணக்கு முறை உருவாக்கினார். பத்து விரலிலும் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து எண் போட்டு, தாள்களை 1,024 பிரிவுகளாகப் பிரித்தால் ஒரு பிரிவுக்குள் மட்டும் தேடினால் போதும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து அல்காரிதம். அந்த முறைக்கு ஹென்றியின் பெயர்தான் நிலைத்தது; ஹக், அவரோடு உழைத்த ஹேம் சந்திர போஸ் பெயர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

நாங்களும் அதே வழியில்தான் போனோம், இன்னும் எளிதாக. முதலில் ஆளுக்கு ஒன்றாக இருக்கும் டோக்கன் நம்பரை அழுத்தி, அப்புறம் விரல் வைப்பது. மெஷின் 800 பதிவைத் தேட வேண்டாம், அந்த ஆளின் இரண்டு பதிவை மட்டும் பார்த்தால் போதும். ஆள் மாறிப் பதிவாவதற்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுவதால், பாஸ் மார்க்கைத் தைரியமாகக் கொஞ்சம் இறக்கலாம். வறண்ட விரல்காரர்களுக்கும் கதவு திறந்தது. நம்பர் அழுத்த இரண்டு நொடி கூடுதல்தான். ஆனால் நாலு முறை விரல் வைத்துப் பார்க்கும் நேரம் மிச்சம்.

அடுத்து, பதிவு எடுக்கும் விதம். மெஷின் வாங்குகிறவர்கள் இதற்கு மெனக்கெடுவதே இல்லை. புது ஆள் சேரும் அன்று அவசர அவசரமாக வலது கட்டை விரலை மூன்று முறை வைத்து முடித்துவிடுவார்கள். நாங்கள் பத்து விரலையும் வைத்துப் பார்த்து, நன்றாக விழுகிற இரண்டை எடுக்கிறோம், கைக்கு ஒன்றாக. பலருக்கு இடது கை மோதிர விரல் நன்றாக வருகிறது, அதிகம் தேயாத விரல். கண்ணாடியில் பஞ்சுத் தூசி படிந்துகொண்டே இருக்கும். செக்யூரிட்டி அண்ணன் ஷிப்டுக்கு ஒரு முறை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கிறார். எங்கள் கேட் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராகச் சென்சாரில் விழுந்து படத்தைக் கெடுத்தது. மேலே ஒரு தகரம் அடித்ததும் காலைப் பிரச்சினையில் பெரும் பகுதி தீர்ந்தது.

2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் மத்திய அரசு அலுவலகங்களிலேயே விரல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் நோட்டுக்குத் திரும்பினோம். அப்புறம் வந்ததுதான் முக மெஷின்.

இது வேறு வகை அல்காரிதம். முகத்தைச் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றிவிடுகிறது. ஒரே ஆளின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும்படியும், வேறு வேறு ஆட்கள் தள்ளி விழும்படியும் லட்சக்கணக்கான முகங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். இங்கேயும் எவ்வளவு பக்கம் வந்தால் பாஸ் என்ற எண் ஒன்று உண்டு. இன்ஃப்ராரெட் கேமரா இருக்கும் மாடல் என்றால் போட்டோவைக் காட்டி ஏமாற்றுவது கஷ்டம்.

உழைக்கும் கைகளுக்கு இது பெரிய விடுதலை. பேக்கிங் ஆட்களின் கம்ப்ளைண்ட் அநேகமாக நின்றேபோனது. வேகமும் அதிகம். ஆனால் ஒடிசாவிலிருந்து இரட்டையர் தம்பிகள் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் தைக்கும் டெய்லர், இன்னொருவர் செக்கிங். அண்ணன் வந்தால் தம்பி பெயர் வரும், தம்பி வந்தால் அண்ணன் பெயர் வரும். ஓவர்லாக் டெய்லரின் ஷிப்ட் செக்கிங் கணக்கில் ஏறி, இருவர் சம்பளமும் குழம்பியது. முகம் ஒன்றாக இருந்தாலும் இரட்டையரின் கைரேகை ஒன்றாக இருக்காது. கருவில் வளரும்போதே தனித்தனியாக உருவாகிவிடும். அவர்கள் இருவரையும் டோக்கனும் விரலும் என்று மாற்றினோம், பிரச்சினை தீர்ந்தது. பழைய மெஷினைக் கழற்றி எறியாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

முக அல்காரிதம் எல்லா மக்களையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், பல அல்காரிதங்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக மாற்றி அடையாளம் காட்டுவதாகச் சொன்னார்கள். அதனால் டெமோ காட்ட வருகிறவர் தன் முகத்தைக் காட்டிவிட்டுப் போவதை ஏற்காதீர்கள். நம் லைனில் இருக்கும் ஐம்பது பேரை நிறுத்தி, வேலை முடிந்த வியர்வையோடு, மாலை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். உயரமும் முக்கியம். நாலே முக்கால் அடி இருக்கும் அக்காக்கள் நுனிக்காலில் நிற்க வேண்டிய உயரத்தில்தான் எங்கள் மெஷினை முதலில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

பாதுகாப்பு எப்படி என்று முதலாளிகள் கேட்பார்கள். 2002ல் ஜப்பானில் யோகோஹாமாவில் மட்சுமோட்டோ என்ற ஆய்வாளரின் குழு ஜெலட்டினில் போலி விரல் செய்து கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியது. ஆனால் எங்கள் அனுபவத்தில் ஜெலட்டின் விரலைவிடப் பெரிய ஓட்டை சாஃப்ட்வேரில் இருக்கும் 'மேனுவல் என்ட்ரி'. பாஸ்வேர்டு தெரிந்த யாரும் யாருக்கும் ஷிப்ட் போடலாம், வெட்டலாம். எங்கள் ஆபீசில் கையால் திருத்தும் ஒவ்வொரு பஞ்சுக்கும் காரணம் எழுதி, சூப்பர்வைசரும் தொழிலாளியும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு கணக்கு, ரவுண்டிங். 8.30ஐத் தாண்டினால் அரை மணி நேரக் கூலி வெட்டு என்று சாஃப்ட்வேரில் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. ஒரு ஆளுக்கு 3 நொடி என்றாலும், ஒரே மெஷினில் 400 பேர் முடிய 20 நிமிஷம் ஆகும். 8.15க்கு கேட்டுக்கு வந்தவர் வரிசையில் நின்றே லேட் ஆகிறார். மெஷினின் மெதுவுக்குத் தொழிலாளி கூலி கொடுக்கக் கூடாது. இரண்டாவது மெஷின் போட்டு, 15 நிமிஷம் சலுகையும் வைத்த பிறகுதான் காலைத் தள்ளுமுள்ளு நின்றது. கட்டிங் செக்‌ஷனில் மார்க்கர் போடும், அதாவது துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று அடுக்கிக் காட்டும் சாஃப்ட்வேரும் அல்காரிதம்தான். அது தப்பினால் துணி வீணாகும், முதலாளி உடனே கவனிப்பார். இது தப்பினால் ஒருவரின் அரை நாள் கூலி போகும், அவரே வந்து கேட்டால்தான் வெளியே தெரியும். அதனால் மாதம் 25ஆம் தேதி ஒவ்வொருவருடைய பஞ்ச் கணக்கையும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறோம், தமிழிலும் இந்தியிலும். சம்பளம் போடும் முன் தப்பு தெரிந்துவிடுகிறது.

கடைசியாக, பதிவை அழிப்பது. பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகை திருடு போனது 2015ல் தெரிய வந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், நம் ஆபீஸ் மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரை யோசித்துப் பாருங்கள். திருப்பூரில் ஆட்கள் வருவதும் போவதும் அதிகம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார், அவர் ரேகை நம் மெஷினில் வருஷக்கணக்காகக் கிடக்கும். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த தகவலை அழிக்கச் சொல்கிறது. நாங்கள் வேலையை விட்டுப் போகிறவரின் செட்டில்மெண்ட் தாளில் இதற்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். மெஷினில் மட்டும் அழித்தால் போதாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருக்கும், பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கில் இன்னொன்று இருக்கும். கிளவுடில் ஏற்றும் மாடலாக இருந்தால் அங்கேயும் ஒன்று. மெஷின் வாங்கும்போதே, இத்தனை இடத்திலும் எப்படி அழிப்பது என்று விற்க வந்தவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு செக்கைக் கொடுங்கள்.