ஆண்கள் ஹார்மோன் பேக்கேஜ், எண்டோகிரைன் ஓபி, அப்புறம் அந்த ஜெல் பாக்கெட் – என் ரிவ்யூ

இது ரெண்டு இடத்துக்கும், டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஜெல்லுக்கும் சேர்த்து எழுதுற ரிவ்யூ. முதல் இடம் திருச்சியில ஆண்களுக்குன்னே விளம்பரம் பண்ற ஒரு வெல்னஸ் கிளினிக். ரெண்டாவது இடம் ஒரு ஆஸ்பத்திரியோட எண்டோகிரைன் ஓபி, அதாவது சுகர் தைராய்டு ஹார்மோன் எல்லாம் பாக்குற ஸ்பெஷலிஸ்ட். பேர் ரெண்டுக்கும் போடல, எந்த ஊர்ல இருந்தாலும் எதைப் பாத்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கணும்னு தெரிஞ்சா போதும்.

எனக்கு வயசு 49, சுகர் இருக்கு. கொஞ்ச காலமாவே சாயங்காலம் ஆனா சோபாவுல விழுந்துடுவேன், வொய்ஃப் பக்கம் போகணும்னு தோணவே தோணாது, காலையில எந்திரிக்கும்போது இருக்க வேண்டிய விறைப்பும் நின்னு போச்சு. இதை வெளிய சொல்ல கூச்சமாதான் இருக்கு, ஆனா இப்படி கூச்சப்பட்டு வாயத் திறக்காதவங்களத்தான் ராத்திரி டிவி விளம்பரமும் பவுடர் டப்பாவும் புடிச்சுக்குது, அதனால மறைக்காம எழுதுறேன்.

கிளினிக்கை முதல்ல சொல்லிடுறேன். ஏசி, காபி, ரிசப்ஷன்ல நல்ல மரியாதை, அதுலலாம் குறை இல்ல. மத்தியானம் சாப்பிட்டுட்டு போனேன், சாயங்காலம் ஒரு அஞ்சு மணி வாக்குல ரத்தம் எடுத்தாங்க, மறுநாள் டெஸ்டோஸ்டிரோன் கம்மின்னு ரிப்போர்ட் வந்துச்சு, உடனே இன்ஜெக்‌ஷன் பேக்கேஜுக்கு ஈஎம்ஐ பேச ஆரம்பிச்சுட்டாங்க. சுகர் எவ்ளோ இருக்கு, தூக்கம் எப்படி, குழந்தை இன்னும் வேணுமா, ப்ராஸ்டேட் பிரச்சனை உண்டா, ஒண்ணுமே கேக்கல. பணம் கட்டாம எந்திரிச்சு வந்துட்டேன்.

என் சுகர் டாக்டர்தான் எண்டோகிரைன் ஓபிக்கு எழுதிக் குடுத்தாரு. அங்க வெயிட்டிங் ரொம்ப ஜாஸ்தி, டோக்கன் போட்டுட்டு சாப்பிட்டே வந்துடலாம், அவ்ளோ நேரம். ஆனா உள்ள போனதும் அங்க இருந்த டாக்டரம்மா கேட்ட கேள்விங்க இருக்கே, அதுக்காக எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காரலாம். ஆசை குறைஞ்சிருக்கா, விறைப்பு வருதா, காலையில தானா வருதா, இந்த மூணையும் நேரடியா கேட்டாங்க. வெறும் அசதி, தூக்கம் சரியில்ல, எரிச்சல் இதெல்லாம் நூறு காரணத்தால வரும் சார், இந்த மூணும் சேர்ந்து இருந்து ரத்தத்துலயும் குறைஞ்சிருந்தாதான் வயசாகும்போது வர்ற ஹார்மோன் குறைபாடுன்னு சொல்லலாம்னாங்க. ஐரோப்பாவுல 40-லிருந்து 79 வயசு வரைக்கும் உள்ள ஆண்களை வச்சு பண்ணி 2010-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல இந்த கணக்குப்படி பாத்தா தேறினது 2.1 சதவீதம் பேர்தான். விளம்பரத்தைப் பாத்தா நாப்பது தாண்டின எல்லாருக்கும் இருக்கிற மாதிரி இருக்கும், உண்மை அது இல்ல.

அப்புறம் என் வொய்ஃபை பாத்து, இவர் குறட்டை விடுவாரான்னு கேட்டாங்க. எதுக்குன்னு அப்ப எங்களுக்குப் புரியல. தூக்கத்துல மூச்சு அடைச்சு அடைச்சு வர்ற ஆளுங்களுக்கு, தொப்பை இருக்கிறவங்களுக்கு, டைப் 2 சுகர் இருக்கிறவங்களுக்கு எல்லாம் டெஸ்டோஸ்டிரோன் குறையுறது சகஜமாம், வெயிட் குறைச்சாலே பல பேருக்கு மருந்து இல்லாம மேல ஏறுமாம். ஓபியாய்டுங்கிற மார்ஃபின் வகை வலி மாத்திரை, ஜிம்ல போடுற ஸ்டீராய்டு இதையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க.

டெஸ்ட் விஷயத்துலதான் ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசமே. இந்த ஹார்மோன் காலையில உச்சத்துல இருக்கும், சாயங்காலம் இறங்கிடும், சாப்பிட்டாலும் இறங்கும், அதனால காலையில 7-லிருந்து 10 மணிக்குள்ள வெறும் வயித்துல எடுக்கணும், அதுவும் ஒரு தடவை பாத்து முடிவு பண்ணக்கூடாது வேற ஒரு நாள் திரும்ப எடுக்கணும். காய்ச்சல் மாதிரி உடம்பு முடியாம இருக்கும்போது எடுக்கவே கூடாது. முடி கொட்டுறதுக்கு பயோட்டின் மாத்திரை போடுறவங்க அதை முன்கூட்டியே சொல்லிடணும், சில மெஷின்ல ரீடிங்கை தப்பா காட்டிடும். அமெரிக்க யூராலஜி சங்கம் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு கீழ இருந்தா கம்மின்னு வச்சிருக்கு, எண்டோகிரைன் சொசைட்டி 264-ன்னு வச்சிருக்கு, ஆக எல்லைக்கோடே ஒண்ணு இல்ல. எனக்கு ரெண்டு காலையிலயும் 220-க்கு கீழதான். அதுக்கப்புறம் விதையை வேலை வாங்குற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன், ப்ரோலாக்டின்ங்கிற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன், தைராய்டு, ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோனைப் புடிச்சு வச்சுக்குற எஸ்ஹெச்பிஜி புரோட்டீன் எல்லாத்துக்கும் டெஸ்ட் எழுதினாங்க. கோளாறு விதையில இருக்கா இல்ல மூளைக்கு கீழ இருக்கிற பிட்யூட்டரியில இருக்கான்னு இதுல தெரிஞ்சிடும். எஸ்ஹெச்பிஜி எதுக்குன்னா குண்டா இருக்கிறவங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் அந்த புரோட்டீன் குறைவா இருக்கும், அதனால மொத்த டெஸ்டோஸ்டிரோன் கம்மியா தெரிஞ்சாலும் உடம்புக்கு நிஜமா கிடைக்கிற அளவு ஓரளவு சரியா இருக்கலாம். எனக்கு அந்த நிஜமா கிடைக்கிற அளவும் குறைவுதான்.

இங்க என் மச்சான் கதையையும் சொல்லியே ஆகணும், வொய்ஃபோட தம்பி. 41 வயசு, லேட் கல்யாணம், குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டு இருக்கான். அவனுக்கும் அதே கிளினிக்ல இன்ஜெக்‌ஷன்தான் சொல்லிருக்காங்க! வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டா போதுமான அளவு இருக்குன்னு மூளை நினைச்சு எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் அனுப்புறதை நிறுத்திடும், விதை வேலையைக் குறைச்சுடும், விந்தணு எண்ணிக்கை ஜீரோ வரைக்கும் கூட போகலாம், நிறுத்தினாலும் திரும்பி வர மாசக்கணக்காகும். குழந்தைக்கு ஏங்குற ஒருத்தன்கிட்ட இதைக் கேக்காம ஊசியை நீட்டுறதை என்னால ஏத்துக்கவே முடியல. ஓபியில அந்தம்மா அவனுக்கு டெஸ்டோஸ்டிரோன் வேணாம்னு சொல்லிட்டு செமன் டெஸ்ட் பாத்துட்டு க்ளோமிஃபீன் குடுத்தாங்க, அது மூளையில இருந்து வர்ற சிக்னலை ஏத்தி உடம்பையே சுரக்க வைக்குமாம்.

எனக்கு பசங்க பெரியவங்க ஆயிட்டாங்க, அதனால ஜெல். 1 சதவீத ஜெல், 5 கிராம் பாக்கெட், உள்ள 50 மில்லிகிராம் மருந்து. காலையில குளிச்சு நல்லா துடைச்சிட்டு தோள்லயும் மேல் கையிலயும் தடவணும், கையை சோப்பு போட்டு கழுவணும், காஞ்சதும் சட்டை போட்டுடணும், சில மணி நேரத்துக்கு தண்ணி படக்கூடாது. ஸ்பிரிட் வாசனை வரும், காயுற வரைக்கும் பிசுபிசுன்னு இருக்கும், திருச்சி வெயில்ல வேர்த்தா இன்னும் எரிச்சல். ரொம்ப முக்கியம், தடவின இடம் பொம்பளைங்க, குழந்தைங்க மேல படவே கூடாது. சின்னப் பசங்களுக்கு முன்கூட்டியே பருவ அறிகுறி வந்ததால 2009-லயே அமெரிக்காவுல அட்டையில பெரிய எச்சரிக்கை போட வச்சாங்க. தூக்கி வச்சுக்குற வயசுல பேரன் பேத்தி இருந்தா டாக்டர்கிட்ட அதைச் சொல்லி வேற வழி கேளுங்க. இன்ஜெக்‌ஷன் விலை கம்மி, ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணு போடுற வகையில போட்ட புதுசுல உச்சத்துக்குப் போயி அடுத்த ஊசிக்குள்ள தரைமட்டம் ஆயிடும், ரத்தம் கெட்டியாகுறதும் ஜெல்லை விட அதுல அதிகம். 1000 மில்லிகிராம் நீண்டகால ஊசி ஒண்ணும் இருக்கு, ஆரம்ப டோஸுக்கு அப்புறம் 10-லிருந்து 14 வாரத்துக்கு ஒண்ணு.

பலன்? ஆசை திரும்புச்சு, அதுதான் முதல்ல தெரிஞ்சது. விறைப்பு பரவால்ல, முழுசா சரியாகல, சுகர் நரம்பையும் ரத்தக்குழாயையும் பாதிக்கிறதால அதுக்கு தனி மாத்திரை தேவைப்படலாம்னு சொன்னாங்க. அசதி கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு, தொப்பை ஜெல்லால குறையல, நடந்தாதான் குறையுது. இளமை திரும்பும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஹார்ட்டுக்கு ஆகாதேன்னு அண்ணன் பயமுறுத்தினாரு. 2023-ல வந்த ட்ராவர்ஸ் ஆய்வுல ஹார்ட் ரிஸ்க் உள்ள 5,000-க்கு மேல ஆண்கள்ல பாதி பேருக்கு இதே மாதிரி ஜெல் குடுத்து பாத்ததுல ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாம் டம்மி ஜெல் போட்டவங்களை விட கூடல, ஆனா ஹார்ட் துடிப்பு தாறுமாறா ஆகுறது, நுரையீரல்ல ரத்தக்கட்டி, கிட்னி பாதிப்பு கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. அதனாலதான் ஃபாலோ அப் விடக்கூடாது. ரத்தம் எவ்ளோ கெட்டின்னு காட்டுற ஹிமேட்டோக்ரிட் 54 சதவீதம் தாண்டினா மருந்தை நிறுத்திடுவாங்க, ப்ராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட்டும் பாப்பாங்க, ப்ராஸ்டேட் கேன்சர் உள்ளவங்களுக்கு இதை ஆரம்பிக்க மாட்டாங்க.

கிளினிக்குக்கு 5-க்கு 1, அதுவும் ரிசப்ஷன் பொண்ணுக்காக. எண்டோகிரைன் ஓபிக்கு நாலரை, அரை குறைச்சது வெயிட்டிங்குக்கு. ஜெல்லுக்கு மூணரை, விலையும் பிசுபிசுப்பும் இல்லன்னா நாலு போட்டிருப்பேன். ஓபிக்குப் போறவங்க பழைய சுகர் ரிப்போர்ட், போடுற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா வொய்ஃபையும் கூட்டிட்டுப் போங்க, குறட்டையைப் பத்தி அவங்களுக்குத்தான் தெரியும்.