கார்பன் அம்பு செட்: நம்பி நாணில் பூட்டலாமா?

அம்பு நன்றாகவே இருக்கிறது, நேராகப் போகிறது, தாராளமாக வாங்கலாம். ஆனால் ஸ்பைன் எண்ணை, அதாவது அம்பு எவ்வளவு வளையும் என்று காட்டும் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். 500 என்று போட்டிருப்பது 340-ஐ விட அதிகம் வளையும், அதைப் பலமான வில்லில் பூட்டினால் நாணை விட்ட கணமே உடைந்து வில்லைப் பிடித்திருக்கும் கையில் கார்பன் சிராய் ஏறிவிடும், அது பொடிப்பொடியாக உடைவதால் வெளியே எடுப்பதும் பெரும்பாடு.

ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் அம்பின் இரு முனையையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளி வைத்து, சுற்றிச் சுற்றி லேசாக வளைத்துப் பாருங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் கண்ணுக்கு விரிசல் தெரியாவிட்டாலும் அந்த அம்பு அவ்வளவுதான், உடைத்துப் போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது. இவ்வளவு முக்கியமான விஷயம், பெட்டிக்குள் ஒரு வரிகூட இல்லை! இதுதான் எனக்குப் பெரிய குறை.

அப்புறம் நீளம். கச்சிதமாக இருக்கட்டும் என்று ஒட்ட நறுக்காதீர்கள், முழுதாக இழுக்கும்போது முனை ரெஸ்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதியை) தாண்டிப் பின்னால் வந்து விழுந்தால் நேராகக் கையில்தான் பாயும். புதிதாகக் கற்பவர்களுக்கு ஓரிரு அங்குலம் கூடுதலாகவே விடுங்கள்.

கூட வரும் ஆர்ம் கார்ட் (நாண் அடிக்காமல் முன்கையில் கட்டும் காப்பு) சுமார்தான், பட்டை வழுக்குகிறது, தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.