அதே கீறல், அதே பேனா: ஓர் இணைய ஏலத் தளத்தில் ஆறு ஆண்டுகள்

பார்சலைப் பிரித்தபோது வெளிச்சம் போய்விட்டிருந்தது. மேசை விளக்கடியில் பேனா குறையில்லாமல்தான் தெரிந்தது: கருஞ்சிவப்பு உடல், வெள்ளி நிற மூடி, அம்பு வடிவக் கிளிப். மறுநாள் காலை சன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. உடல் கருஞ்சிவப்பு; முள்ளை மூடியிருக்கும் கூம்போ கறுப்பு. இரண்டு வெவ்வேறு பேனாக்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். கூம்பின் நுனியில் மயிரிழை போல ஒரு விரிசல், அதற்குள் பழைய நீல மை உறைந்து நின்றது. ஏல அறிவிப்பில் வந்த படத்தில், கிளிப்புக்கு இடப்பக்கம் பிறை வடிவில் சிறு கீறல் ஒன்று உண்டு. என் கையில் இருந்த மூடியில் அது இல்லை.

பார்க்கர் 51 என்பது 1941-இல் விற்பனைக்கு வந்த பேனா. முள்ளின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். மற்றதெல்லாம் கூம்புக்குள் மறைந்திருக்கும். 1948-இல் மை நிரப்பும் முறையை மாற்றி, உலோக உறைக்குள் இருக்கும் பையை அழுத்தி மை உறிஞ்சும் வகையைக் கொண்டுவந்தார்கள். பழைய பேனாக்கள் பலவற்றில் உடலில் பொறித்திருக்கும் சிறு எண்ணை வைத்தே அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம். இத்தனை அடையாளம் உள்ள பொருளையே துணிந்து மாற்றி விற்கிறார்களே என்பதுதான் என்னைச் சுட்டது. பாகம் மாற்றுவது குற்றமில்லை. பழுதுபார்க்கும்போது அது நடக்கக்கூடியதுதான். ‘கூம்பு மாற்றப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதற்கேற்ற விலையில் நானே ஏலம் கேட்டிருப்பேன். ‘எல்லாப் பாகங்களும் அசல்’ என்று எழுதியதும், வேறொரு பேனாவின் படத்தைப் போட்டதும்தான் மோசடி.

இந்தத் தளத்தில் ஆறு ஆண்டுகளாக ஏலம் கேட்டு வருகிறேன். 41 பொருள்கள் வாங்கியதில் 4 முறை ஏமாற்றப்பட்டேன். மூன்று முறை பணம் திரும்பி வந்தது. வராத ஒன்று முதல் ஆண்டில் நடந்தது. பொருள் பழுது என்று எழுதியதும் அந்த விற்பனையாளர் மிகவும் பணிவாகப் பேசினார். வீட்டில் உடல்நிலை சரியில்லை, அடுத்த வாரம் பணம் அனுப்புகிறேன் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். புகார் கொடுப்பதற்கான கெடு முடிந்த மறுநாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அந்தப் பணிவு முழுவதும் நாளைக் கடத்துவதற்காகவே என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அதனால் இந்த முறை முதல் நாளே புகாரைப் பதிவு செய்தேன். விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்தில் கோபத்துக்கு இடமே கொடுக்கவில்லை. அறிவிப்பில் உள்ள வாக்கியம் இது, வந்த பொருள் இது, படங்கள் இணைப்பில், முழுப் பணமும் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அறிவிப்புப் பக்கத்தை ஏலம் முடிந்த அன்றே சேமித்து வைத்திருந்தேன். பொருள் விற்ற பிறகு விவரத்தைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

முதல் பதில், நீங்கள் கீழே போட்டிருப்பீர்கள் என்று வந்தது. கீழே விழுந்தால் கூம்பு கறுப்பாகுமா என்று கேட்டேன். இரண்டாவது பதிலில் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். மூன்றாவதுதான் ஆபத்தானது: ‘புகாரை மூடிவிடுங்கள், முழுப் பணத்தையும் நேரடியாக உங்கள் கணக்கில் போடுகிறேன்.’ இந்தத் தளத்தில் ஒருமுறை மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. புதிதாக ஏலம் கேட்க வருகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதுதான். பணம் கைக்கு வந்து சேரும்வரை புகாரை மூடாதீர்கள். தளத்துக்கு வெளியே பேசவும் வேண்டாம், பணம் கொடுக்கல் வாங்கலும் வேண்டாம். வெளியே போன கணமே உங்களுக்கு இருந்த பாதுகாப்பெல்லாம் போய்விடும்.

ஆறாம் நாள் தளத்தின் நடுவர் குழுவிடம் புகாரை ஒப்படைத்தேன். எட்டாம் நாள் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பேனாவைத் திருப்பி அனுப்பும்போது, பெட்டியில் வைத்து ஒட்டி எடை போடும்வரை இடைவெட்டில்லாமல் காணொளி எடுத்தேன். பெறுபவர் கையெழுத்திட வேண்டிய பதிவுத் தபாலில் அனுப்பினேன். காலிப் பெட்டி வந்தது என்று சொல்ல அவருக்கு வழியில்லாமல் போயிற்று. பதினான்காம் நாள் பணம் வந்தது. வாங்குபவரின் பணத்தை மீட்டுத் தருவதில் இந்தத் தளத்தைத் தாராளமாகப் பாராட்டலாம். நடுவர் குழுவில் எழுதியவர் என் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார் என்பது அவருடைய கேள்விகளிலேயே தெரிந்தது.

ஆனால் ஐந்தில் மூன்று நட்சத்திரத்துக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை. பணத்தை மீட்டுத் தருகிறார்களே தவிர, ஏமாற்றியவரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த விற்பனையாளரின் மதிப்பெண் அன்றும் 99 விழுக்காடு, இன்றும் 99 விழுக்காடு. பணம் திரும்பிய விற்பனைகள் கணக்கில் வருவதே இல்லை. அது போதாதென்று, இங்கே விற்பவரும் வாங்குபவருக்கு மோசமான மதிப்பெண் போடலாம். பதிலடிக்குப் பயந்து நிறையப் பேர் வாய் திறப்பதில்லை. ஈபே என்ற பெரிய ஏலத் தளமும் 1996-இல் இப்படி இரு பக்கமும் கருத்துச் சொல்லும் முறையைத்தான் கொண்டுவந்தது. பதிலடி பெருகியதால் 2008-இல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறைக் கருத்து எழுதும் வசதியை எடுத்துவிட்டது. அதன் பிறகும் இந்தத் தளம் மாறவில்லை என்பதை மன்னிக்கவே முடியவில்லை.

விற்பவரின் மதிப்பெண்ணை நான் இப்போது பார்ப்பதில்லை. கடைசி ஆறு மாதத்தின் குறைகூறல்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு விற்பவர் எழுதிய பதிலைப் படிக்கிறேன். ‘தவறு என்னுடையது, பணத்தை அனுப்பிவிட்டேன்’ என்று எழுதுகிறவரிடம் தயங்காமல் வாங்கலாம். வாங்கியவரைத் திட்டுகிறவரின் பக்கமே போவதில்லை. மலிவான பொருள்களை நூறு விற்று நல்ல பெயர் சேர்த்துக்கொண்டு, திடீரென விலை உயர்ந்த பொருளோடு வருகிறவர்களும் உண்டு. என்ன விற்று அந்தப் பெயரை வாங்கினார் என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். சந்தேகம் வந்தால், மூடியைக் கழற்றிப் பகல் வெளிச்சத்தில் புதிதாக ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்கிறேன். கையில் பொருள் உள்ளவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

பினாமி ஏலம் இன்னொரு நோய். இங்கே நாம் நம் உச்சத் தொகையைக் கொடுத்துவைத்தால், அடுத்தவர் கேட்டதைவிடச் சற்றே கூடுதலாகத் தளமே நமக்காகக் கேட்கும். யோசனை நல்லதுதான். ஆனால் விற்பவரே வேறு பெயரில் வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நம் உச்சத்தை மோப்பம் பிடித்துவிட முடியும். ஒருமுறை நான் கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஏலத்தில், யார் யார் கேட்டார்கள் என்ற வரலாற்றைத் திறந்து பார்த்தேன். ஒரே ஆள், அதே விற்பனையாளரின் ஒன்பது ஏலங்களில் கேட்டிருக்கிறார், ஒன்றில்கூட வென்றதில்லை. அந்த ஏலம் என் உச்சத்தைத் தாண்டி முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் ‘வென்றவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் தொகைக்கே தருகிறேன்’ என்று கடிதம் வந்தது. அதை அப்படியே தளத்துக்கு அனுப்பினேன். நன்றி என்ற தானியங்கிப் பதிலோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஏலம் முடியக் கடைசிப் பத்து விநாடியில்தான் தொகையைச் சொல்கிறேன்.

இதிலெல்லாம் அதிகம் அடிபடுகிறவர்கள் நேர்மையாக விற்கிறவர்கள்தான். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார்: நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுத்தர விலையே கிடைக்கும், நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு பேனாவின் முள்ளையும் பெரிதாக்கிப் படம் எடுத்து, எழுதிக் காட்டி, சிறு கீறலையும் வட்டமிட்டுச் சொல்கிற ஒருவர் இருந்தார். ‘அசல்’ என்று புளுகுகிறவர்களுக்குக் கிடைக்கும் விலை எனக்குக் கிடைப்பதில்லை என்று போன ஆண்டு எழுதினார். இப்போது அவர் பெயரில் ஒரு பேனாவும் இல்லை.

நேற்று இரவு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பார்க்கர் 51 கண்ணில் பட்டது. கருஞ்சிவப்பு, ‘எல்லாப் பாகங்களும் அசல்’. படத்தைப் பெரிதாக்கினேன். கிளிப்புக்கு இடப்பக்கம் அந்தப் பிறைக் கீறல். என் பழைய புகார் எண்ணையும் இரண்டு படங்களையும் சேர்த்து உடனே அனுப்பினேன். இதை எழுதும் இந்த நேரம்வரை அறிவிப்பு அப்படியே இருக்கிறது. ஏழு பேர் ஏலம் கேட்டிருக்கிறார்கள். முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.