லிங்க் அனுப்பியாச்சு, அண்ணே!

அக்கா மகளின் கல்யாண வீடியோவை அம்மாவின் டேப்லெட்டில் ஏற்றித் தரும் வேலை, இந்த முறை ஊரில் இருந்தபோது என் விடுமுறையில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது. வங்கி, ஆதார், நிலவரி எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முன்பெல்லாம் ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தையும், மணமக்கள் படம் அச்சிட்ட பெட்டியில் இரண்டு மூன்று டிவிடிகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். காப்பி குடித்து, பாக்கிப் பணத்தை வாங்கிக்கொண்டு போவார். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது, அவ்வளவுதான். மார்த்தாண்டத்தில் உள்ள அந்த ஸ்டுடியோவுக்குப் போன் போட்டுக் கேட்டால், "லிங்க் அனுப்பியாச்சே அண்ணே" என்று, கடமை முடிந்த குரலில் பதில் வந்தது.

அந்த லிங்கில் இருந்தது மூன்று மணி நேரம் ஓடும் ஒரே கோப்பு, 40 ஜிபிக்குச் சற்று அதிகம். நான் வசிக்கும் மெல்பர்னில் இதை இரவில் பதிவிறக்கத்துக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். எங்கள் வீடோ குலசேகரத்துக்கு அப்பால், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. வாசல் திண்ணையின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைக்கும், மழை பிடித்தால் அதுவும் போய்விடும். அம்மாவின் போனில் உள்ளதோ நாளைக்கு 2 ஜிபி என்ற வழக்கமான பிளான். கணக்குப் போட்டால், வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தால்கூட இருபது நாளுக்கு மேல் ஆகும். லிங்கோ பதினைந்தே நாளில் காலாவதியாகிவிடும் என்று அதே செய்தியின் அடியில் எழுதியிருந்தது. வெளிநாட்டில் இருந்து வருபவன்தான் ஊரில் எல்லாம் மெதுவாக நடக்கிறது என்று அலுத்துக்கொள்வான் என்பார்கள். இங்கே ஊர் என்னை முந்திக்கொண்டு போய், வீட்டில் எல்லோருக்கும் பைபர் இணைப்பு இருப்பதாகவே முடிவு செய்துவிட்டிருந்தது.

புதிதாக ஒரு 64 ஜிபி பென்டிரைவ் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனேன். நகல் எடுக்கத் தொடங்கியதும் கணினி மறுத்தது. ஸ்டுடியோப் பையன் திரையில் வந்த செய்தியைப் படிக்கக்கூட இல்லை. "இது டூப்ளிகேட் பென்டிரைவ், நல்லது ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று கையில் திருப்பிக் கொடுத்தான். அதையும் வாங்கினேன். அதற்கும் அதே கதி. வாடிக்கையாளரின் பொருள்மீது பழியைப் போட்டு அனுப்பிவிடும் இந்த வழக்கம் மட்டும் நான் ஊரைவிட்டுப் போன காலத்தில் இருந்தபடியே இருக்கிறது.

இதற்குத் தீர்வு கிடைத்தது மேம்பாலத்துக்குக் கீழே, பகலிலும் குழல்விளக்கு எரியும் ஒரு சின்ன மொபைல் கடையில். கடைக்காரத் தம்பி பென்டிரைவைக் கணினியில் செருகி, அதன் பண்புகளைத் திறந்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். "பென்டிரைவுக்கு ஒரு கோளாறும் இல்லண்ணே. ஃபேட்32ல இருக்கு. எவ்வளவு பெரிய டிரைவா இருந்தாலும் இதில ஒரு பைல் நாலு ஜிபிக்கு மேல ஏறாது." ஃபேட்32 என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறை. அரை நிமிடத்தில் அதை எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றித் தந்தார். மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த அமைப்பு இது. அந்த நாலு ஜிபி வரம்பு இதில் இல்லை, என் மேக் லேப்டாப்பும் இதில் படிக்கவும் எழுதவும் செய்யும். மீண்டும் ஸ்டுடியோவுக்கு நடந்து, நகல் எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் அவர் கேட்டார்: "யார் பார்க்கப் போறா? எதில பார்ப்பாங்க?" மெல்பர்னில் இந்தக் கேள்வியை எந்தக் கடையிலும் எவரும் என்னிடம் கேட்டதில்லை. அங்கே முதலில் படிவம், பிறகு சாதனத்தைத் திறந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம், அதன்பின் சில வேலை நாள்கள் கழித்து ஒரு குறுஞ்செய்தி. பார்க்கப்போவது எண்பது வயதை நெருங்கும் தாயார் என்பது அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது.

அம்மாவின் டேப்லெட் பழையது. வீடியோவில் ஒரு துண்டை மட்டும் அதில் போட்டதும் நாதஸ்வரம் கணீரென்று கேட்டது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. 4கே தரத்தில், எச்இவிசி முறையில் சுருக்கப்பட்ட வீடியோ அது. 2013-இல் வந்த இந்த முறை கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் அதைப் பிரித்துக் காட்டும் திறன் பழைய மலிவு டேப்லெட்டுகளின் சிப்பில் இருப்பதில்லை. கடைக்காரத் தம்பி விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் செயலியைப் போட்டுப் பார்த்தார். படம் வந்தது, ஆனால் மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோவதற்குள் மேளம் ஓய்ந்திருந்தது. எனவே 1080 தரத்துக்கு இறக்கி, பழைய எச்.264 முறைக்கு மாற்றினால்தான் சரிவரும் என்றார். நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி. டேப்லெட் ஏற்பது 32 ஜிபி வரையிலான பழைய வகை மெமரி கார்டை மட்டும்தான், அதுவும் ஃபேட்32-இல்தான். ஆகவே அந்த நாலு ஜிபித் தொல்லை இங்கேயும் வந்து நின்றது. அதற்கு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீடியோவைக் கண்டபடி இரண்டாக வெட்டாமல், "தாலிகட்டு", "பந்தி", "மறுவீடு" என்று மூன்று கோப்புகளாகப் பிரித்து, தமிழிலேயே பெயரும் வைத்தார். மாலையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இடையில் கரண்ட் போனதாம், யுபிஎஸ் காப்பாற்றியதாம். கூலி இருநூறு ரூபாய்.

கார்டில் மிச்ச இடத்தைப் பார்த்துவிட்டு, "புதுப்படம் ரெண்டு போட்டுத் தரட்டுமா?" என்றும் கேட்டார். இருபது ரூபாய்க்கு மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தந்த காலத்தின் மிச்சம் அது. வேண்டாம் என்றேன், அவரும் வற்புறுத்தவில்லை.

என் பிள்ளைகளுக்கு நேர்ந்தது இன்னொரு வேடிக்கை. பயணத்துக்காக அவர்கள் ஐபேடில் இறக்கி வைத்திருந்த படங்களில் பாதி, திருவனந்தபுரத்தில் இறங்கியபின் திறக்கவே இல்லை; இந்த நாட்டில் அவை கிடைக்காது என்றது செயலி. அதைச் சொன்னபோது தம்பி சிரித்தார்: "அது நீங்க சேமிச்சது இல்லண்ணே, அவன் உங்க கிட்ட வச்சிட்டுப் போனது." உண்மைதான். செயலிகளில் பதிவிறக்குவது பூட்டிய கோப்பு. அந்தச் செயலியைத் தவிர வேறெதிலும் ஓடாது, பென்டிரைவிலும் மாற்ற முடியாது. யூடியூப் பிரீமியத்தில்கூட மாதம் ஒருமுறையாவது இணையத்தோடு இணைக்காவிட்டால் பதிவிறக்கியவை ஓடாது. நெட்ஃபிளிக்ஸோ 2024-இல் விண்டோஸுக்கான தன் புதிய செயலியிலிருந்து பதிவிறக்கும் வசதியையே எடுத்துவிட்டது. லேப்டாப்பை நம்பிப் பயணம் போகிறவர்கள் இதைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

அம்மா "பந்தி"யை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். யார் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று கணக்கெடுக்கிறாராம். தை மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். அதே ஸ்டுடியோவைத்தான் பேசியிருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும்போதே, முழு வீடியோ எக்ஸ்ஃபேட் பென்டிரைவில் ஒன்றும், 1080 தரத்தில் நாலு ஜிபிக்கு உட்பட்ட துண்டுகளாக ஒன்றும் கையில் தர வேண்டும் என்று ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.